நூறு சதவீதம், எத்தனை பேரில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் வந்தால் பொதுத் தேர்வு முடிவுகளுக்கு நாளிதழ்கள் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகின்றன. மாவட்டவாரித் தேர்ச்சி, பாடவாரியாகச் சென்டம் எண்ணிக்கை, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்று பிரித்த அட்டவணை எல்லாம் வருகின்றன. மறுநாள் பொழுது விடிவதற்குள் ஊர் முக்கில் பிளக்ஸ் ஏறிவிடுகிறது. 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்ற எழுத்து மட்டும் தூரத்திலிருந்தே தெரியும். பெற்றோர் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு எண்ணை வைத்துத்தான். அந்த எண் எப்படி உண்டாகிறது, அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு எழுத விரும்புகிறேன். கூடவே தங்கள் இதழிடம் ஒரு கோரிக்கையும் உண்டு.

தேர்ச்சி சதவீதம் ஒரு வகுத்தல் கணக்கு. மேலே தேர்ச்சி பெற்றவர்கள், கீழே தேர்வு எழுதியவர்கள். கீழே இருப்பவர்கள் 'எழுதியவர்கள்' என்பதைக் கவனிக்க வேண்டும், 'படித்தவர்கள்' அல்ல. 2023ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 8,03,385 பேர் எழுதி 7,55,451 பேர் தேர்ச்சி பெற்றார்கள், 94.03 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 13 அன்று நடந்த முதல் மொழித்தாளுக்கு ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் வரவே இல்லை. அது அப்போது பெரிய செய்தியானது, சட்டமன்றம் வரை போனது. ஆனால் மே மாதத்துச் சதவீதத்தில் அவர்களின் நிழல்கூட விழவில்லை. வராதவர்களையும் கீழே சேர்த்து வகுத்தால் 94 என்பது 88, 89 பக்கம் இறங்கிவிடும். யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. கணக்கின் இலக்கணமே அப்படி.

வராதவர் எண்ணிக்கை என்பதும் கதையின் கடைசிப் பகுதி மட்டுமே. தேர்வுக்குச் சில மாதங்களுக்கு முன்பே பள்ளிகள் நாமினல் ரோல் எனப்படும் பெயர்ப்பட்டியலைத் தயாரித்துவிடுகின்றன. அதில் ஏறிய பிறகு மாணவர் வராவிட்டால் 'ஆப்சென்ட்' என்றாவது பதிவாகும். அதற்கு முன்பே பெயர் நீங்கியிருந்தால் ஆப்சென்ட் கணக்கிலும் வராது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் வடிகட்டல் நடப்பது ஒன்பதாம் வகுப்பில்தான். 'உங்க பையனுக்கு இங்க செட் ஆகாது, வேற ஸ்கூல் பாருங்க' என்று சொல்லி டி.சி. கொடுப்பது ஒரு வழி. 'டுட்டோரியல்ல சேர்ந்து பிரைவேட்டா எழுதட்டும்' என்பது இன்னொரு வழி. பிளக்ஸ் வைக்கும் நெருக்கடி எங்கே அதிகமோ அங்கே இதுவும் அதிகம்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பள்ளிகள். இரண்டிலும் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர். முதல் பள்ளியில் 52 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி 52 பேரும் தேர்ச்சி. இரண்டாவதில் 60 பேரும் எழுதி 54 பேர் தேர்ச்சி. பிளக்ஸ் கணக்கில் முதல் பள்ளி 100, இரண்டாவது 90. ஒன்பதாம் வகுப்பில் இருந்த 60 பேரில் எத்தனை பேரைப் பத்தாம் வகுப்பு தாண்டவைத்தார்கள் என்று பார்த்தால் முதல் பள்ளி 52, இரண்டாவது 54. இரண்டாவது பள்ளிதான் கூடுதல் வேலை செய்திருக்கிறது. ஆனால் ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்கப்படுவது அந்தத் தலைமை ஆசிரியராகத்தான் இருக்கும்.

காணாமல்போன அந்த எட்டுப் பேரும் வடிகட்டப்பட்டவர்கள் என்று உடனே முடிவு கட்டிவிடவும் கூடாது. அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துக் குடும்பமே இடம்பெயர்ந்திருக்கலாம். இதைப் பிரித்தறிய வழி இருக்கிறது. மாணவர் ஒரு பள்ளியைவிட்டு நீங்கினால் அவர் பதிவு, பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் இணையத்தில் 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்குப் போகும். அடுத்த பள்ளி சேர்த்துக்கொள்ளும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'எட்டுப் பேரில் எத்தனை பேர் வேறு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், எத்தனை பேர் இன்னும் காமன் பூலிலேயே நிற்கிறார்கள்?' என்பதுதான். இரண்டாவது எண்தான் ஊர் தேடிப் போக வேண்டிய வீடுகளின் எண்ணிக்கை.

அடுத்தது சிறிய பள்ளிகளின் சிக்கல். 12 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் சதவீதம் 8 புள்ளிக்கும் மேல் சரியும். 200 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் அரைப் புள்ளி. அதனால்தான் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சின்னப் பள்ளிகளே மாறி மாறி வருகின்றன. போன ஆண்டு 100, இந்த ஆண்டு 83 என்றால் 'பள்ளி கெட்டுவிட்டது' என்று பேச்சு கிளம்பும். உண்மையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கில் 35 வரவில்லை, அவ்வளவுதான். சிறிய பள்ளி என்றால் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சேர்ப்பதிலும் ஒரு முறை உண்டு. மூன்று சதவீதங்களைக் கூட்டி மூன்றால் வகுக்கக் கூடாது. முதல் ஆண்டு 4 பேரில் 2, அடுத்த ஆண்டு 30 பேரில் 28, மூன்றாம் ஆண்டு 21 பேரில் 20 என்று வைத்துக்கொள்வோம். சதவீதங்களின் சராசரி 79.5 வரும். பிள்ளைகளைக் கூட்டினால் 55 பேரில் 50, அதாவது 90.9. நான்கே பேர் எழுதிய ஆண்டுக்கும் முப்பது பேர் எழுதிய ஆண்டுக்கும் ஒரே எடை கொடுத்ததால் வந்த வினை முதல் கணக்கு.

'தேர்ச்சி' என்ற சொல்லே பலவற்றை மறைக்கிறது. 35 வாங்கியவரும் 95 வாங்கியவரும் அதில் ஒன்றுதான். பிளஸ் ஒன்னில் கணிதப் பிரிவு எடுக்கத் துணியும் பிள்ளை எத்தனை என்பதைத் தேர்ச்சி சொல்லாது. பாடவாரியாக 35 முதல் 50 வரை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் படம் தெளியும். கணக்கில் 40 பேரில் 26 பேர் அந்த வரிசையில் நின்றால், 'ஆல் பாஸ்' என்ற இனிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று புரியும். இதற்காகத் தலைமை ஆசிரியர் புதிதாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதில்லை. முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டத்துக்காகப் பாடவாரிப் பகுப்பாய்வு ஏற்கெனவே தயாராகிவிடுகிறது. மேலே போகும் அந்தத் தாள் பக்கவாட்டில் பெற்றோருக்கு வருவதில்லை, அதுதான் குறை.

அந்த மதிப்பெண்களுக்குப் பக்கத்தில் ஆசிரியர் கணக்கையும் எழுதாவிட்டால் பழி தப்பான இடத்தில் விழும். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, பணியில் இருப்பவர் எத்தனை, மாற்றுப்பணியில் வெளியே போனவர் எத்தனை, எந்தப் பாடம் எந்த மாதத்திலிருந்து காலி. கணித ஆசிரியர் நவம்பரில்தான் வந்து சேர்ந்தார் என்பது தெரிந்தால் மார்ச் மதிப்பெண்ணை வேறு கண்ணால் பார்ப்போம்.

இங்கே 'மாணவர் ஆசிரியர் விகிதம்' என்ற எண்ணைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று என்று சொல்கிறது. 24 பிள்ளைகள் உள்ள ஈராசிரியர் பள்ளியில் விகிதம் 12க்கு ஒன்று. காகிதத்தில் பின்லாந்து மாதிரி இருக்கும். ஆனால் ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போன நாளில் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். உயர்நிலைப் பள்ளியிலும் இதே மயக்கம் உண்டு. 25க்கு ஒன்று என்ற அழகான விகிதத்துக்குள் அறிவியல் ஆசிரியரே இல்லாத பள்ளி ஒளிந்திருக்க முடியும். தொடக்கப் பள்ளியில் 'ஆசிரியர் எத்தனை பேர்' என்றும், உயர்நிலைப் பள்ளியில் 'எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை' என்றும் கேட்பதே போதும்.

பள்ளியின் அடிப்படை விவரங்கள், நாடு முழுவதும் உள்ள பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் ஒன்றிய அரசின் யு-டைஸ் பிளஸ் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு ஒன்றியம், பிறகு மூன்று ஊர் அல்லது வார்டு, கடைசி இரண்டு பள்ளி. ஒரே பெயரில் ஒன்றியத்துக்கு நாலு 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' இருக்கும் நாட்டில், பெயரை வைத்துத் தேடுவதைவிட எண்ணை வைத்துத் தேடுவது நல்லது. அதில் வரும் விவரம் செப்டம்பர் 30ஆம் தேதி நிலவரம் என்பதை மறக்கக் கூடாது; அக்டோபரில் மாறுதலில் போன ஆசிரியர் அங்கே இன்னும் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். இன்னொன்று, அது பள்ளியே நிரப்பிக் கொடுக்கும் விவரம். 'கழிப்பறை எத்தனை' என்பது ஒரு கட்டம், 'பயன்பாட்டில் உள்ளவை எத்தனை' என்பது வேறு கட்டம். இரண்டிலும் ஒரே எண் இருந்தால் ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

தொடக்கப் பள்ளியில் பொதுத் தேர்வு கிடையாது. அங்கே எதைப் பார்ப்பது? 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். பெயர்கள் அழகு. ஆனால் 'உங்க பாப்பா மொட்டு' என்றால் அம்மாவுக்கு என்ன புரியும்? எழுத்து தெரியுமா, சொல் வாசிப்பாளா, பத்தி வாசிப்பாளா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பள்ளி அளவில் வேண்டியது நகர்வு: ஜூனில் அரும்பில் எத்தனை பேர், அவர்களில் ஏப்ரலில் எத்தனை பேர் தாண்டினார்கள். எளிய வீட்டுப் பிள்ளைகள் அதிகம் சேரும் பள்ளியின் உழைப்பு இந்த எண்ணில்தான் தெரியும். வேறு எந்த எண்ணிலும் தெரியாது.

தேசிய அடைவுத் தேர்வு, 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நாடு முழுவதும் நடந்த பரக் என்ற கற்றல் அடைவுக் கணக்கெடுப்பு, வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஏசர் ஆய்வு ஆகிய மூன்றும் மாதிரி ஆய்வுகள். மாநிலத்தைப் பற்றியும் மாவட்டத்தைப் பற்றியும் பேச அவை உதவும். 'மாவட்டம் பின்தங்கியது, ஆகவே நம்ம ஊர்ப் பள்ளியும் மோசம்' என்று இறக்கிப் பேசுவதற்கு அவற்றில் ஆதாரம் இல்லை.

வருகைப் பதிவு பலர் கண்ணில் படாத புதையல். 'சராசரி வருகை 90 சதவீதம்' என்றால் நன்றாகத்தான் தோன்றும். எல்லோரும் பத்து நாளுக்கு ஒரு நாள் வரவில்லை என்றாலும் 90. ஆறில் ஐந்து பேர் தவறாமல் வந்து, ஆறாவது பிள்ளை நூற்றுக்கு அறுபது நாள் வரவில்லை என்றாலும் 90. இரண்டுக்கும் மருந்து வேறு. பருவத்துக்கு 15 நாளுக்கு மேல் வராதவர்கள் எத்தனை பேர் என்பதே பயனுள்ள எண். இடைநிற்றல் ஒரே நாளில் நடப்பதில்லை; முதலில் திங்கள்கிழமைகள் விட்டுப்போகும், பிறகு வாரங்கள்.

சரி, இதையெல்லாம் பெற்றோரிடம் கொண்டுபோனால் ஏதாவது நடக்குமா? சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், விடைகள் இரண்டு விதமாக வந்திருக்கின்றன. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 112 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஊரில் உள்ள எல்லாப் பள்ளிகளின் சராசரியையும் அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். அந்த ஊர்களில் பிள்ளைகளின் கற்றல் கூடியது, தனியார் பள்ளிக் கட்டணம் 17 சதவீதம் குறைந்தது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் நடந்த ஆய்வு வேறு விதமாக முடிந்தது. அங்கே கிராமக் கல்விக் குழுவின் உரிமைகளை எடுத்துச் சொன்னதாலும், பிள்ளைகளின் வாசிப்பு நிலையை ஊரே சோதித்துப் பார்த்ததாலும் பள்ளியில் எதுவும் மாறவில்லை. தன்னார்வலர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து மாலை வாசிப்பு வகுப்பு நடத்தவைத்த ஊர்களில் மட்டும், அந்த வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. முதல் இடத்தில் பெற்றோருக்குப் பக்கத்திலேயே வேறு பள்ளி இருந்தது. கையில் கிடைத்த தகவலை வைத்து எதையாவது செய்ய முடிந்தது. இரண்டாவது இடத்தில் குழுவுக்கு எண் தெரிந்தது, அடுத்து செய்ய வேண்டிய வேலை கையில் இல்லை. ஊருக்கு ஒரே பள்ளி உள்ள நம் கிராமங்கள் பலவும் ஜான்பூருக்கே நெருக்கம்.

அதனால் ஒரு நடைமுறையை முன்வைக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுவின் கடமை. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலைக் கூட்டத்தில் தேர்வு முடிவுகளோடும் அக்டோபர் கூட்டத்தில் செப்டம்பர் 30 நிலவரத்தோடும், ஒரே ஒரு ஏ4 தாள் வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும், பின்பக்கம் காலி. மேலே பள்ளியின் பெயரும் 11 இலக்க எண்ணும். அதன் கீழ் மூன்று ஆண்டுகளுக்கும் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர், பெயர்ப்பட்டியலில் ஏறியவர், எழுதியவர், தேர்ச்சி பெற்றவர் என்று நான்கு எண். பாடவாரியாக 35 முதல் 50 வரை வாங்கியவர்கள். பணியிடமும் காலியிடமும். 15 நாளுக்கு மேல் வராதவர்கள். தொடக்கப் பள்ளி என்றால் தேர்வு விவரம் இருக்கும் இடத்தில் அரும்பு, மொட்டு, மலர் நகர்வு. அடியில் மூன்று வரி: என்ன செய்யப் போகிறோம், யார் செய்வது, எந்தத் தேதிக்குள். இந்த மூன்று வரி காலியாக இருந்தால் தாளையே வைக்க வேண்டாம் என்பேன்.

தாளை வாசித்துக் காட்ட வேண்டும். சதவீதம் பேசாமல் தலை எண்ணிச் சொல்ல வேண்டும். '17.5 சதவீதம்' என்றால் கூட்டம் தலையாட்டிவிட்டு டீக்குப் போகும். 'நாற்பது பேரில் ஏழு பிள்ளைகள்' என்றால் யார் அந்த ஏழு என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டால் பெயர் சொல்லக் கூடாது என்பதும் முக்கியம். பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், சாதி எதுவும் தாளில் வரக் கூடாது. ஐந்துக்குக் குறைவான எண்ணை உட்பிரிவாகக் காட்டவும் கூடாது. வகுப்பில் ஒரே ஒரு பழங்குடி மாணவி இருக்கும்போது 'பழங்குடியினர் தேர்ச்சி 0' என்று எழுதினால் பெயரை எழுதியதற்குச் சமம். பெயரும் மதிப்பெண்ணும் போட்ட பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் விடும் வழக்கமும் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குரிய தாள் அந்த வீட்டுக்கு மட்டும் போகட்டும்.

பள்ளி விவரம் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். இங்கே பலர் சறுக்குகிறார்கள். 'தேர்ச்சி ஏன் குறைந்தது?' என்று கேட்டால் பதில் வராது. அச்சட்டம் ஆவணத்தைத் தரும், காரணத்தைத் தராது. 'இன்ன மூன்று ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பில் பதிவானவர், பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் இருந்தவர், தேர்வுக்கு வராதவர், தேர்ச்சி பெற்றவர் எண்ணிக்கை' என்று எண்ணாகக் கேட்க வேண்டும். தனியார் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையும் எமிஸில் இருப்பதால், அவற்றுக்கும் கல்வி அலுவலகத்திலேயே கேட்கலாம்.

ஓர் எண் இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிளஸ் ஒன் உதாரணம். பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே தாண்டி இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருட்டும் பள்ளிகள் பெருகியதால்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையோடு அது எடுக்கப்பட்டது. மாணவர் மீதான சுமை குறைந்தது சரிதான். பிளஸ் ஒன் பாடம் நடக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்க இருந்த ஜன்னலும் அதோடு மூடிவிட்டது. இனி அதைப் பார்க்கப் பிள்ளையின் நோட்டைப் புரட்டுவதுதான் வழி.

கடைசியாகத் தங்களிடம் உள்ள கோரிக்கை. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு நிறுத்தியது, நல்லதுதான். இப்போது மாவட்டங்களுக்கு அந்தப் பந்தயம் நடக்கிறது. அடுத்த மே மாதம் தாங்கள் வெளியிடும் மாவட்ட அட்டவணையில் 'எழுதியவர்', 'தேர்ச்சி பெற்றவர்' என்ற இரண்டு கட்டங்களுக்கு இடப்பக்கம் இன்னும் இரண்டு கட்டம் சேருங்கள்: முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர், பெயர்ப்பட்டியலில் ஏறியவர். எண்கள் எமிஸில் இருக்கின்றன. தேர்வுத் துறையிடம் செய்தியாளர் கேட்டால் போதும். இடம் போதவில்லை என்றால் சென்டம் எண்ணிக்கைக் கட்டத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.